கஜேந்திரன் என்ன வேலை பார்த்தார்?

பஜ்ஜித் தட்டை அவரேதான் எடுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் கொரட்டூர் வீட்டின் முன்னறையில், சுவரோரம் வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் பையனின் அப்பாவுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கோடையில் மட்டும்தான் நாள் கிடைக்குமோ என்னவோ.

என் மகள் சுகன்யா உள்ளே புடவை மடிப்போடு போராடிக்கொண்டிருந்தாள். முறைப்படி அவள்தான் தட்டோடு வர வேண்டும். ஆனால் பஜ்ஜி சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது என் கணவர் கஜேந்திரனின் சட்டம். தோளில் துண்டு, மீசை நுனியில் கொஞ்சம் கடலை மாவு. அப்படியே வந்து நின்றார்.

பையனின் அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். "நல்லா இருக்கே. எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடைல வாங்கல சார். நான் போட்டது."

அவர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார்.

"நேவியில இருந்தீங்கன்னு தரகர் சொன்னார். இப்ப என்ன பண்றீங்க?"

அந்தக் கேள்விக்கான பதிலை முந்தின நாளே என் கணவரின் அண்ணன் ஏகாம்பரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கான்ட்ராக்ட். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு கான்ட்ராக்ட்தான். என்ன கான்ட்ராக்ட் என்று யாரும் தோண்ட மாட்டார்கள். இப்போது அவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்ட பாத்துக்கறேன்" என்றார் என் கணவர்.

"அது சரி. வேலை?"

"அதான் சார் வேலை."

அண்ணன் முந்திக்கொண்டார். "தம்பி தமாசு பண்றான் சார். நேவில பெரிய இஞ்சினீயரு. இப்ப கான்ட்ராக்ட் எடுத்துப் பண்ணிகினு கீறான்."

"பொய் சொல்லாதண்ணா" என்றார் இவர், குரலை உயர்த்தாமல். "நான் இஞ்சினீயர் இல்ல சார். எஞ்சின் ரூம்ல மெக்கானிக்கு. வெளிய வந்தப்புறம் ஊட்லதான் கீறேன். சமைக்கிறேன், தொவைக்கிறேன், பொண்ண வளத்தேன். எங்க ஊட்டம்மா கம்பெனில லைன் சூப்பர்வைசர்."

பையனின் அம்மா கையில் எடுத்த பஜ்ஜியை மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரின் ஆரம்பத்தில் என் கணவரைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கு, 'ஆண்களை இப்படிச் சிறுமைப்படுத்தலாமா' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த வாசகருக்காகவே இந்த வாரம் முழுக்க என் கணவரைப் பற்றித்தான். படிக்கும்போது சிலருக்கு வாய் கோணும். கோணட்டும்.

எஞ்சின் அறையும் ஈரத் துணியும்

அவருடைய அப்பா அயப்பாக்கத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அந்த நிலமெல்லாம் பிளாட் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், மீசை முளைப்பதற்கு முன்பே இவர் கடற்படையில் சேர்ந்துவிட்டார். அதுவரை கடலை மெரினாவில்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு விசாகப்பட்டினம், கொச்சி, பம்பாய். கப்பலில் இருந்தார் என்றால் எல்லாரும் மேல்தளத்தையும் வெள்ளை உடுப்பையும்தான் நினைக்கிறார்கள். இவர் இருந்தது அடியில். எண்ணெய் வாடை, காதைப் பிளக்கும் சத்தம், அடுப்புக்குள் உட்கார்ந்தது போன்ற வெக்கை. இடது காது அங்கேயே பாதி போய்விட்டது. அதனால் கடைசி வரை ரகசியம்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். புதிதாகக் கல்யாணமான நாட்களில் அதனால் எனக்கு எத்தனை சங்கடம் என்று சொல்லாமலே புரியும்.

கல்யாணத்தின்போதே நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலையில் இருந்தேன். இவர் லீவில் வருவார், போவார். லீவில் வந்த முதல் காலையிலேயே என் புடவையையும் சேர்த்துத் துவைத்துக் காயப் போட்டதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

இவரிடம் சொன்னேன். "கப்பல்ல யார் தொவைச்சாங்கன்னு நெனச்ச? அவங்கவங்க துணிய அவங்கவங்கதான் தொவைக்கணும். எவன் பொண்டாட்டியும் கப்பலுக்கு வரல" என்றார். அதுவும் தெருவுக்கே கேட்டது.

எது பெருசு?

ஒப்பந்த வருஷங்கள் முடிந்து இவர் வெளியே வந்தபோது தலையில் ஒரு நரைகூட இல்லை. கடற்படையில் அப்படித்தான். மற்றவர்கள் உத்தியோகத்தில் மேலே ஏறுகிற வயதில் இவர்களுக்கு ஓய்வு வந்துவிடும். வந்த பிறகு முன்னாள் ராணுவத்தார் எல்லாரும் போகிற வழியில் இவரும் போனார். ஆவடி ரோட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி.

சுகன்யாவுக்கு அப்போது வீசிங் இருந்தது. பனிக்காலம் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும், உதடு நீலம் பூக்கும். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போவோம். ஒரு தடவை நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்து மீட்டுக் கொண்டுவந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு, ஒரு லைனை முழுவதும் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஷிப்டும் பார்க்க வேண்டும்.

விஷயம் காட்டுப்பாக்கத்தில் இருந்த அண்ணன் காதுக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு ஆரம்பித்தார்.

"மல்லிகா, வேலைய உட்டுடும்மா. கொழந்த அப்பிடி கெடக்கறப்ப பொம்பளைக்கு இன்னாத்துக்கு லைனு, ஷிப்டு?"

நான் என் கணவரைப் பார்த்தேன். இவர் இலையை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை செக்யூரிட்டி உடுப்பைப் போட்டுக்கொண்டு போனவர், மதியத்துக்கு முன்பே லுங்கியோடு திரும்பி வந்தார். கையில் ஒரு பெரிய அலுமினிய வாணலி.

"இன்னாங்க ஆச்சு?"

"உட்டுட்டேன். உடுப்ப அங்கயே குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு?"

"ஒனக்கு லைன குடுக்கறாங்க. எனக்கு காவல் காக்க ஒரு கேட்டு குடுத்தாங்க. எது பெருசு, நீயே சொல்லு."

நான் பதில் சொல்வதற்குள் வாணலியைத் தேய்க்கப் போய்விட்டார்.

அவருக்குச் சமையல் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கப்பலில் சமைக்கத் தனி ஆட்கள். முதல் வாரச் சாம்பாரைச் சுகன்யா வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. மீன் குழம்பும் வறுவலும் பிறகு அவர் கைக்கு வசப்பட்டன. ரசம் மட்டும் கடைசி வரை வரவில்லை. வரவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை.

வாய் கோணியவர்கள்

டீக்கடையில் அவருக்கு 'சமையல் நேவி' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "அம்மா வரலையா?" என்று டீச்சர் வாசலைப் பார்ப்பார். "நான்தான் டீச்சர்" என்று உட்காருவார். ரேஷன் கடை வரிசையில் பெண்கள் பக்கம் நிற்பதா, ஆண்கள் பக்கமா என்று யாரோ கேலி செய்ய, "எந்தப் பக்கம் சீக்கிரம் நவுருதோ அந்தப் பக்கம்" என்றாராம்.

கம்பெனியில் எனக்கும் அந்தக் கேலியில் பங்கு கிடைத்தது. என் சாம்பல் நிற யூனிபார்ம் கோட்டை இவர் இஸ்திரி போடுவார். கப்பலில் பழகிய கை. மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஒரு மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"இன்னாம்மா, ஒன் ஊட்டுக்காரு ஒன் பொடவ எல்லாம் தொவைக்கிறாராமே?"

"ஆமாண்ணே, நல்லா தொவைப்பாரு. ஒங்க சட்டக் காலர பாத்தா ஒங்க ஊட்ல யாருமே தொவைக்கல போலக்கீதே."

பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த மேஸ்திரி என் லைன் பக்கம் காரணமில்லாமல் வந்ததில்லை.

அவரைத் தெய்வமாக்கி எழுதுவதாக நினைக்க வேண்டாம். முன்கோபி. அவர் பாத்திரத்தை யாராவது இடம் மாற்றி வைத்தால் வீடு இரண்டுபடும். ஈரத் தரையில் கால் வைத்தால் மந்திரி வந்தாலும் திட்டுவார். சனிக்கிழமை ஆனால் ராணுவக் கேன்டீன் ரம்மோடு ஆவடிக் கூட்டாளி ஒருவர் வருவார். இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து இந்தியில் பாட்டுப் பாடுவார்கள். இரண்டு பேருக்கும் சுருதி கிடையாது.

வருத்தமும் இருந்தது அவருக்கு. ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார். "எவனும் எப்பிடி கீறன்னு கேக்க மாட்றான் மல்லிகா. இன்னா பண்றன்னுதான் கேக்கறான். ஒருத்தனாச்சும் மொதல்ல எப்பிடி கீறன்னு கேட்டா நல்லாருக்கும்." நான் ஜன்னல் சீட்டில் இருந்தேன். பாடி மேம்பாலம் ஏறி இறங்கும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று.

ஒரே ஒரு வார்த்தை

பெண் பார்த்த அன்றைக்குத் திரும்புகிறேன்.

வந்தவர்கள் மரியாதையாகத்தான் விடைபெற்றுப் போனார்கள். பையனும் சுகன்யாவும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். போனில் பேசினார்கள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் போனோடு மாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது முகத்தில் தனிக் களை தெரியும்.

பிறகு தரகர் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வேறு ஒரு குறையும் இல்லையாம். அவர்கள் பக்கத்துச் சொந்தங்கள் கொஞ்சம் பழைய மாதிரியானவர்களாம். அதனால் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழே 'ஒப்பந்ததாரர்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதுமாம். யாராவது கேட்டால் அதையே சொல்லிவிட வேண்டுமாம்.

தரகர் போய்விட்டார். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. என் கணவர் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"போட்டுடு மல்லிகா" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்ததானே. கொழந்தைக்கு புடிச்சிகீது. எனக்காவ அவ வாழ்க்கைய கெடுக்கறதா? இன்னா கொறஞ்சிடப் போறேன் நான்?"

அத்தனை வருஷத்தில் யாருக்கும் வளையாத மனிதர். மகள் என்றதும் அப்படியே மடங்கி நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

"முடியாது" என்றேன். "நீங்க கான்ட்ராக்டர்னா, இந்த ஊட்ட இத்தினி வருசம் பாத்துக்கினது யாரு? பூதமா? கேஸ் அடுப்பு தானா எரிஞ்சுதா? நான் நிம்மதியா வேலைக்குப் போனதெல்லாம் எப்பிடிங்க? இது ஒங்களுக்காவ சொல்லல. எனக்காவ சொல்றேன்."

சுகன்யா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, எங்கள் எதிரிலேயே அந்தப் பையனைக் கூப்பிட்டாள்.

"பத்திரிகை விஷயம் உங்களுக்குத் தெரியுமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவன் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வார்த்தைதான். ஆமா. ஆனா எனக்கு மூச்சு முட்டினப்ப தோள்ல போட்டுக்கிட்டு ஓடினவர் எங்க அப்பா. கான்ட்ராக்டர் இல்ல" என்றாள். போனை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது.

அழுதாள். கொஞ்ச நாள் அழுதாள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மறுத்துப் பேசுவதற்கும் விலை உண்டு, அந்த முறை அதை என் மகள் கொடுத்தாள். என் கணவர் சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவினார். அண்ணன் போன் செய்து, "திமிரு புடிச்ச குடும்பம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிற்பாடு சுகன்யா தன்னோடு வேலை பார்த்த திண்டுக்கல் பையனைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பத்திரிகையில் என் கணவர் பெயருக்குக் கீழே எதுவும் போடவில்லை. என் பெயருக்குக் கீழேயும் போடவில்லை. கஜேந்திரன், மல்லிகா. அவ்வளவுதான்.

காட்டுப்பாக்கத்தில் சாத்திய கதவு

சில வருஷம் அண்ணன் வீட்டோடு போக்குவரத்து இல்லை. பிறகு என் ஓரகத்திக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். வேலைக்கு வைத்த நர்ஸ் நிற்கவில்லை.

செய்தி கேட்டு இருவரும் போனோம். நல்ல மதியம். காட்டுப்பாக்கம் முழுவதும் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அந்த வீட்டில் மட்டும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை போட்டிருந்தது. தட்டினால் திறக்க நேரமாயிற்று. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றார். பின்னால் வீடு முழுக்க ஈர வாடை. கூடத்துக்குள்ளேயே கயிறு கட்டி, ஓரகத்தியின் நைட்டியும் விரிப்பும் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எதுக்குண்ணா எல்லாத்தையும் சாத்திகினு கீற?"

"தெருவுல பாக்கறாங்கடா."

"பாக்கட்டும். அண்ணி துணிதானே, திருட்டுத் துணியா?"

இவர் பேசிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தார். ஈரத் துணியை வாளியில் வாரிப் போட்டுக்கொண்டு, "நீயும் வா" என்று அண்ணனையும் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் கீழே ஓரகத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடியில் இவர் பேசுவது எனக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே கேட்டது.

"ஒதறி போடுண்ணா. ஒதறாம போட்டா சுருக்கம் போவாது. ஒதறு நல்லா."

அதற்குப் பிறகு தினமும் இரண்டு பஸ் மாறிக் காட்டுப்பாக்கம் போய் வந்தார். இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் ஆளைத் தூக்குவது, படுத்த இடத்திலேயே விரிப்பு மாற்றுவது, புரையேறாமல் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அண்ணனும் தம்பியுமாகச் செய்து செய்து பழகிக்கொண்டார்கள். இவர் அண்ணனிடம் பழைய பேச்சு ஒன்றையும் எடுக்கவில்லை. 'அன்னைக்கு என்ன சொன்னீங்க' என்று கேட்க என் நாக்குத்தான் துடித்தது. இவர் கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

ஒரு நாள் நான் போனபோது அண்ணன் தன் மனைவிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. ஓரகத்தி கண்ணாடியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, விழுந்த வாயோடு சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சுடுதண்ணி

என் கணவர் போய்ச் சேர்ந்தது ஒரு சாதாரண நாள் காலையில். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "நெஞ்சு ஒரு மாரி கீது" என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நோயில் கிடக்கவில்லை, யாரையும் எதுவும் செய்ய விடவில்லை. அதில் மட்டும் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்.

கப்பல் கூட்டாளிகள் வந்தார்கள். தளர்ந்த கைகளை விறைப்பாகத் தூக்கி சல்யூட் வைத்தார்கள். தெருவில் முக்கால்வாசி வந்துவிட்டது. டீக்கடையில் பெயர் வைத்தவர்களும் வந்தார்கள்.

எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும். வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் பெஞ்சு போட்டு, டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றேன்.

"நான் குளிப்பாட்றேன்."

உறவில் மூத்தவர் ஒருவர், "பொம்பளைங்க சும்மா ஒரு சொம்பு ஊத்துவாங்க, அதான் மொற. மிச்சத்த ஆம்பளைங்க பாத்துப்போம். நீ உள்ள போம்மா" என்றார்.

"நான்தான் குளிப்பாட்டுவேன். சுடுதண்ணி வேணும்."

"பொணத்துக்கு இன்னாத்துக்கும்மா சுடுதண்ணி?"

"அவரு சித்திர வெயில்லயும் பச்சத் தண்ணில குளிச்சதில்ல. இன்னைக்கும் குளிக்க வேணாம்."

சந்தில் நின்ற ஆண்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். வீட்டுக்கு மூத்தவர், அவர் சொல்வதுதான் முடிவு. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் என்ன சொன்னாலும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று மட்டும் தெரிந்தது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேராக எங்கள் சமையலறைக்குள் போனார். உள்ளே லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பெரிய அண்டா ஒன்றை இரண்டு பக்கமும் துணி வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பெஞ்சுக்கு அருகில் இறக்கினார். பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கையை விட்டுப் பார்த்தார்.

"சூடு போதுமா பாரு மல்லிகா."

விரலை விட்டுப் பார்த்தேன். போதும் என்றேன்.

"நீங்கள்லாம் அந்தாண்ட போங்கப்பா" என்று ஆண்களை அனுப்பிவிட்டு, மறைப்புக்குக் கட்டியிருந்த புடவையின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான் முதல் சொம்பை எடுத்து என் கணவரின் தோளில் ஊற்றினேன்.